பளபளக்கும் பழைய பட்டன்: ஃப்ரூட்டிகர் ஏரோ பாணியில் வரையத் தொடங்குபவர்களுக்கு

பழைய விண்டோஸ் 95 ஸ்கிரீன்ஷாட் ஒன்றைத் தேடி எடுத்து, அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சற்று முன் புடைத்து நின்ற பட்டன்கள் குழிந்து தெரியும். எழுதும் பெட்டிகளோ மேலெழும்பி நிற்கும். படத்தில் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்று நம் கண் முன்பே முடிவு செய்து வைத்திருப்பதால் வரும் வேடிக்கை இது.

ஃப்ரூட்டிகர் ஏரோ என்பது இரண்டாயிரங்களின் கணினித் திரைகளில் இருந்த பளபளப்பான கண்ணாடித் தோற்றம். அந்தப் பாணியில் வரைய ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குவார்கள். நீல வானம், பச்சைப் புல், நீர்க்குமிழி, கொஞ்சம் பளபளப்பு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் திரையில் ஒன்பது பட்டன்கள் வைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு. சேர்த்துப் பார்த்தால் என்னவோ உறுத்தியது. நிறத்தை மாற்றி மாற்றி இரண்டு இரவுகள் போயின. அப்புறம்தான் தெரிந்தது: ஒரு பட்டனுக்கு வெளிச்சம் இடமிருந்து வந்தது, அடுத்ததற்கு நேர் மேலிருந்து, இன்னொன்றுக்குக் கீழிருந்து. பட்டனுக்கு ஒரு சூரியன் என்று ஒன்பது சூரியன்களை வைத்திருந்தேன். ஆகவே வரையத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: என் திரையில் விளக்கு எங்கே இருக்கிறது? இனி வரும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்விதான் திரும்பி வரும்.

எந்தக் காலத்துப் பழசு?

'பழைய கணினித் தோற்றம்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன. முதலாவது, சாம்பல் நிறத்தில் விளிம்பு செதுக்கிய காலம். 1990இல் வந்த விண்டோஸ் 3.0இலும் 1995இல் வந்த விண்டோஸ் 95இலும் பார்த்தது அது. இரண்டாவது, ஜெல் காலம். ஆப்பிள் 2000 ஜனவரியில் அக்வா என்ற தோற்றத்தைக் காட்டியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அது மேக் ஓஎஸ் டென் உடன் மக்கள் கைக்கு வந்தது. 1998இல் வெளியான, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும் ஐமேக் கணினியின் உடலைத் திரைக்குள் இறக்கியது போல இருந்தன அந்தப் பட்டன்கள். மூன்றாவது, கண்ணாடிக் காலம். 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவின் ஏரோ, 2009இல் வந்த விண்டோஸ் 7.

ஃப்ரூட்டிகர் ஏரோ என்ற பெயர் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. நுகர்பொருள் அழகியலை ஆராயும் ஓர் இணையக் குழுவில் 2017இல் பிறந்த பெயர் அது. ஏரோ என்பது விஸ்டாவிலிருந்து வந்தது. ஃப்ரூட்டிகர் என்பது சுவிட்சர்லாந்தின் எழுத்துரு வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ரூட்டிகரைக் குறிக்கிறது. பாரிஸ் அருகே உள்ள சார்ல் தெ கோல் விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளுக்காக அவர் வரைந்த எழுத்துருவின் சாயல், விஸ்டாவின் செகோ யூஐ எழுத்துருவில் தெரியும். மற்றபடி பளபளப்புப் பட்டனுக்கும் அந்த மனிதருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சுமாராக 2004 முதல் 2013 வரையிலான தோற்றத்தை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். 2012இல் விண்டோஸ் 8, 2013இல் ஐஓஎஸ் 7 என இரண்டும் தட்டையான வடிவத்துக்குப் போன பிறகு இது ஓய்ந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெள்ளி உலோகம், உருகிய குமிழ் வடிவம், விண்கல வாசனை இதெல்லாம் அதற்குச் சற்று முந்தைய, 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஒய்டூகே (Y2K) பாணி. இரண்டையும் கலந்து நன்றாக வரைபவர்கள் உண்டு. புதிதாகத் தொடங்கும்போது கலக்காதீர்கள்.

கை பழக ஒரு சாம்பல் பட்டன்

நேராகக் கண்ணாடிக்குப் போகத்தான் கை துறுதுறுக்கும். பத்து நிமிடம் பொறுங்கள். வெளிச்சத்தைப் புரிந்துகொள்ள விண்டோஸ் 95 பட்டனைவிட நல்ல பாடம் கிடையாது, ஏனென்றால் அதில் ஏமாற்ற இடமே இல்லை; இருப்பது ஐந்து நிறங்கள்தான்.

இங்க்ஸ்கேப், கிம்ப், ஃபிக்மா என எந்தச் செயலி கைக்குப் பழக்கமோ அதைத் திறங்கள். 75 பிக்சல் அகலம், 23 பிக்சல் உயரத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். சாதாரண அளவுத் திரையில் அன்றைய பட்டனின் வழக்கமான அளவு அதுதான். அதன் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 192. இப்போது வெளிப்புற ஓரத்தில் ஒரு பிக்சல் தடிப்பில் மேற்பக்கமும் இடப்பக்கமும் வெள்ளைக் கோடு, கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் கறுப்புக் கோடு. அதற்கு உட்புறம் மேற்பக்கமும் இடப்பக்கமும் 223 அளவுள்ள வெளிர் சாம்பல், கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் 128 அளவுள்ள அடர் சாம்பல். மேல்வலது, கீழ்இடது மூலைகளில் வெள்ளையும் கறுப்பும் முட்டிக்கொள்ளும். அந்த மூலைப் பிக்சலைக் கறுப்புக்கே விட்டுவிடுங்கள்.

அவ்வளவுதான், பட்டன் எழுந்து நிற்கும். விளக்கு மேல்இடது மூலையில் இருக்கிறது. இப்போது வெளிச்சக் கோடுகளையும் நிழல் கோடுகளையும் இடம் மாற்றுங்கள், உள்ளே எழுத்தை ஒரு பிக்சல் வலமும் ஒரு பிக்சல் கீழும் நகர்த்துங்கள். பட்டன் அமுங்கிவிட்டது. இந்த இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

ஜெல் பட்டன்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

அடுத்த காலத்துக்குப் போகும்போது விளக்கு நகர்கிறது. ஜெல், கண்ணாடி இரண்டிலும் அது நேர் மேலே, நடுவில் இருக்கும். இன்னொரு மாற்றமும் உண்டு. சாம்பல் பட்டன் ஒரு கட்டை. வெளிச்சம் அதன் மேல் பட்டுத் திரும்பிவிடும். ஜெல் பட்டனுக்குள் வெளிச்சம் நுழையும். வண்ணத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குப்பியை ஜன்னலோரம் படுக்கவைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் ஜன்னலின் வெள்ளைப் பிம்பம் இருக்கும். அதற்குக் கீழே நிறம் அடர்த்தியாக இருக்கும். அடிப்பக்கத்தில், உள்ளே புகுந்த வெளிச்சம் எல்லாம் ஒன்றுசேர்ந்து பளிச்சென்று இருக்கும். புதிதாக வரைபவர்கள் செய்யும் முதல் தவறு இந்த இடத்தில்தான்: மேலே வெளிர், கீழே அடர் என்று கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் நிரப்பு) போடுவார்கள். அது பிளாஸ்டிக் மூடி போல வரும். ஜெல்லுக்கு அது தலைகீழ்.

240 பிக்சல் அகலம், 64 பிக்சல் உயரத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, மூலை வளைவை 32 ஆக்குங்கள். மாத்திரைக் குளிகை வடிவம் கிடைக்கும். மேலிருந்து கீழாக ஒரு கிரேடியன்ட்: மேலே அடர் நீலம் (சிவப்பு 20, பச்சை 90, நீலம் 180), நடுவில் சற்றுத் தெளிந்த நீலம் (30, 120, 210), அடியில் வெளிர் நீலம் (120, 210, 255). எண்கள் எல்லாம் நான் பழகிய அளவு, வேதவாக்கு அல்ல. உங்கள் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றக்கூடாதது வரிசை மட்டும்.

அதன் மேல் புது லேயரில் (தனி அடுக்கில்) அடிப் பளிச்சு. 180க்கு 28 அளவில் ஒரு நீள்வட்டம், நிறம் (190, 240, 255), பட்டனின் அடி விளிம்பை ஒட்டி நடுவில். அதற்கு 8 பிக்சல் அளவில் பிளர் (மங்கல்) கொடுத்து ஒபாசிட்டியை (பின்னாலிருப்பதை மறைக்கும் அளவை) 70 சதவீதமாகக் குறையுங்கள். பட்டனுக்கு வெளியே வழிவதைப் பட்டன் வடிவத்தாலேயே கிளிப் செய்து, அதாவது வெட்டி, மறைத்துவிடுங்கள். இந்த ஒரு லேயரை அணைத்து அணைத்துப் போட்டுப் பாருங்கள். பட்டனுக்கு உயிர் வருவதும் போவதும் தெரியும்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த வெள்ளை மெருகு. இன்னொரு குளிகை: 220 அகலம், 28 உயரம், வளைவு 14. பட்டனின் மேல் விளிம்பிலிருந்து 3 பிக்சல் விட்டு, நடுவில் வையுங்கள். நிரப்புவது வெள்ளை மட்டுமே, ஆனால் ஒபாசிட்டி மேலே 85 சதவீதம், கீழே 15 சதவீதம். இதன் கீழ் விளிம்புக்குப் பிளர் கொடுக்கவே கூடாது. அந்தக் கூர்மையான கோடுதான் 'இது வழவழப்பான பரப்பு' என்று கண்ணுக்குச் சொல்கிறது. மங்கலாக்கினால் வெல்வெட் துணி போல ஆகிவிடும். அதேபோல் மெருகைப் பட்டனின் நடுக்கோட்டைத் தாண்டி இறக்காதீர்கள். இங்கே சொன்ன அளவில் அது 31ஆம் பிக்சலில் முடிகிறது, நடு என்பது 32. அந்த ஒரு பிக்சல் இடைவெளி வேண்டுமென்றே விட்டது.

மிச்சம் இரண்டு. ஓரத்துக்கு ஒரு பிக்சல் கோடு, நிறம் (10, 60, 130). கறுப்பு வேண்டாம், கறுப்புக் கோடு போட்டால் சித்திரக்கதைப் படம் மாதிரி ஆகும். அப்புறம் நிழல்: 4 பிக்சல் கீழே, 6 பிக்சல் பிளர், 35 சதவீத ஒபாசிட்டி. இதிலும் கறுப்புக்குப் பதில் அடர் நீலம். நிறமுள்ள கண்ணாடியின் நிழலில் அதன் நிறமும் கொஞ்சம் கலந்தே விழும். விளக்கு நேர் மேலே இருப்பதால் நிழல் இடமோ வலமோ நகரக்கூடாது. பல செயலிகள் நிழலைத் தாமாகவே வலப்பக்கம் சாய்த்துத் தரும். கிடைமட்ட அளவைப் பூஜ்யமாக்க மறக்காதீர்கள். என் ஒன்பது சூரியன்களில் பாதி அப்படி நுழைந்தவைதான்.

கண்ணாடிப் பலகை

விஸ்டாவில் ஜன்னல்களின் (திரையில் திறக்கும் விண்டோக்களின்) ஓரம் கண்ணாடியாக இருந்தது. பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். அதுவரை ஒவ்வொரு ஜன்னலும் திரையில் நேரடியாகத் தன்னை வரைந்துகொள்ளும். விஸ்டாவில் அவை தனித்தனியாக நினைவகத்தில் வரையப்பட்டு, கிராஃபிக்ஸ் கார்டு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரைக்கு அனுப்பும். ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பதால்தான் பின்னாலிருப்பதைக் கலங்கலாக்கிக் காட்ட முடிந்தது.

நாமும் அதையேதான் கையால் செய்யப்போகிறோம். பின்னணிப் படத்தை ஒரு நகல் எடுத்து, அதே இடத்தில் மேலே வையுங்கள். மூலை வளைவு 8 உள்ள ஒரு செவ்வகத்தால் அந்த நகலைக் கிளிப் செய்யுங்கள். நகலுக்கு மட்டும் 15 முதல் 20 பிக்சல் வரை பிளர், நிறச் செறிவைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதற்கு மேல் 20 சதவீத வெள்ளை ஒரு பூச்சு. ஃபிக்மாவில் பின்னணி பிளர் என்றே ஒரு வசதி இருப்பதால் நகல் எடுக்கும் வேலை மிச்சம்.

இவ்வளவு செய்தும் பலகை பனிமூட்டம் போலத்தான் இருக்கும். அதைக் கண்ணாடியாக்குவது விளிம்பு. வெளியே ஒரு பிக்சல் கறுப்பு, 40 சதவீதம். அதை ஒட்டி உட்புறம் ஒரு பிக்சல் வெள்ளை, 60 சதவீதம். விளக்கு மேலே என்பதால் மேல் விளிம்பில் மட்டும் 80க்கு ஏற்றலாம். வெட்டிய கண்ணாடியின் ஓரத்தில் வெளிச்சம் சிக்கி மின்னுமே, அதுதான் இந்த வெள்ளைக் கோடு. வேண்டுமானால் சாய்வாக இரண்டு மூன்று வெள்ளைப் பட்டைகள், 8 முதல் 10 சதவீதம் வரை. அதற்கு மேல் போனால் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் விளம்பரம் மாதிரி ஆகிவிடும்.

எழுத்து தெரிகிறதா?

கண்ணாடியின் பழைய வியாதி இது: பின்னால் என்ன வரும் என்று நமக்குத் தெரியாது, ஆகவே மேலே எழுதுவதைப் படிக்க முடியுமா என்றும் தெரியாது. விஸ்டாவில் இதற்கு ஒரு சின்ன வைத்தியம் இருந்தது. ஜன்னல் தலைப்பின் கறுப்பு எழுத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மங்கல் ஒளி பரப்பியிருப்பார்கள். பின்னால் இருட்டான படம் வந்தாலும் எழுத்து பிழைத்துக்கொள்ளும். எழுத்தை நகலெடுத்து, வெள்ளையாக்கி, 5 பிக்சல் பிளர் கொடுத்துக் கீழே வைத்தால் அதே விளைவு கிடைக்கும். போதவில்லையென்றால் அந்த நகலை இரட்டிப்பாக்குங்கள். 2025இல் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்று கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவந்தபோது பலர் சொன்ன முதல் குறையும் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதுதான்.

கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு கான்ட்ராஸ்ட் கருவியில், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அளக்கும் கருவியில், சோதியுங்கள். எல்லோருக்குமான இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கின்றன. ஜெல் பட்டனில் வெள்ளை எழுத்து வைத்தால், சோதிக்க வேண்டிய இடம் மெருகின் மேற்பகுதி. அங்கேதான் வெள்ளையில் வெள்ளை கரையும். அங்கே தோற்றால் மெருகின் ஒபாசிட்டியைக் குறையுங்கள். எழுத்தை மெருகுக்கு மேலே உள்ள லேயரில் வையுங்கள், ஓரத்தில் அடர் நீல நிழல் ஒன்று மெல்லியதாகக் கொடுங்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொரு கவனம் வேண்டும். 'சேமி', 'தேடு', 'மூடு' போன்ற சொற்களில் மேலே ஒரு சுழியும் கீழே ஒரு வாலும் நீளும். மெருகின் கூர்மையான கோடு எழுத்தின் இடுப்பை வெட்டும் இடத்தில் கண் தடுக்கும். ஆங்கில எழுத்துக்கு 64 பிக்சல் உயரம் போதுமென்றால் தமிழுக்கு 72 கொடுத்துப் பாருங்கள், மெருகின் உயரத்தையும் அதே விகிதத்தில் ஏற்றிவிடுங்கள். காலத்துக்குப் பொருந்திய எழுத்துருதான் வேண்டுமென்றால், விண்டோஸ் 2000 முதல் தமிழைக் காட்டியது லதா, விண்டோஸ் 7 உடன் வந்தது விஜயா. லதாவில் ஒரு பட்டன் எழுதிப் பார்த்தேன். அந்தக் காலக் கணினியின் மின்விசிறிச் சத்தமே கேட்டது போல இருந்தது.

பின்னணி

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வானம், புல்வெளி, தண்ணீர், இலையின் மேல் துளி, வெளிச்சப் புள்ளிகள்: இவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள், ஐந்தையும் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைக் குன்றுப் படத்தைச் சார்லஸ் ஓ'ரியர் 1996இல் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் எடுத்தார். அதில் இருப்பது குன்றும் வானமும் மட்டுமே. நீங்கள் எடுக்கும் படத்தில் சூரியன் பக்கவாட்டில் இருந்து அடித்தால், உங்கள் பட்டன்களின் விளக்கோடு சண்டை போடும். உச்சிப் பொழுதில் எடுத்த படம் தேடுங்கள், அல்லது நிழலே தெரியாத அளவுக்குப் பிளர் செய்துவிடுங்கள்.

தொட்டால் என்ன ஆகும்?

ஒவ்வொரு பட்டனுக்கும் மூன்று நிலை வரையுங்கள். சும்மா இருக்கும்போது நாம் வரைந்தது. சுட்டி மேலே வந்தால் அடிப் பளிச்சின் ஒபாசிட்டியை 70இலிருந்து 95க்கு ஏற்றினால் போதும், உள்ளே யாரோ விளக்கேற்றியது போல இருக்கும். அழுத்தும்போது மெருகின் ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, நிழலை 4இலிருந்து 1 பிக்சலுக்குச் சுருக்கி, எழுத்தை ஒரு பிக்சல் கீழே இறக்குங்கள். இங்கே வலப்பக்கம் நகர்த்த வேண்டாம். சாம்பல் பட்டனில் விளக்கு மூலையில் இருந்தது, இங்கே உச்சியில் இருக்கிறது.

அக்வாவில் முதன்மைப் பட்டன் மட்டும் மூச்சு விடுவது போல மெல்ல ஒளிர்ந்து மங்கும். செய்ய ஆசையாக இருந்தால் ஒரு திரையில் ஒன்றுக்கு மட்டும் செய்யுங்கள். எல்லாம் மூச்சு விட ஆரம்பித்தால் எதை அழுத்துவது என்றே தெரியாது.

சேமிக்கும் முன்

ஒரு பிக்சல் கோடுகள் எல்லாம் முழு எண்ணில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். 12.5 என்று எங்காவது இருந்தால் கோடு இரண்டு பிக்சலில் பரவிச் சாம்பலாகத் தெரியும். கண்ணாடி விளிம்பின் மின்னல் அதோடு போயிற்று. இன்றைய அடர்த்தியான திரைகளுக்கு இரட்டை அளவில் இன்னொரு படமும் ஏற்றுமதி செய்யுங்கள். ஒளிபுகும் பகுதிகள் இருப்பதால் ஜேபெக் ஆகாது, பிஎன்ஜி எடுங்கள். லேயர்களை ஒன்றாக்காத மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள், ஏனென்றால் நாளைக்கே 'இதே பட்டன் பச்சையில் கிடைக்குமா' என்று ஒருவர் வருவார்.

கடைசியாக, முடித்த திரையை மறுபடியும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எல்லாப் பட்டன்களும் ஒரே மாதிரி குழிந்து தெரிந்தால் உங்கள் விளக்கு சரியான இடத்தில் இருக்கிறது. ஒன்றிரண்டு மட்டும் இப்போதும் நிமிர்ந்து நின்றால், அவற்றின் நிழலைத் திறந்து கோணத்தைத் திருத்துங்கள்.